தண்ணீர் அவர் பங்கு

மலைக்குப் போய்விட்டு வந்தால் மனசு லேசாகிவிடும் என்று எங்கள் டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் சொன்னார்கள். வரவேற்பு மேஜையில் உட்காருகிற பெண் தொடங்கி, கார் கழுவ வருகிறவர் வரைக்கும். எடை போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று ஒருத்தரிடம் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதோடு ஆறுதல் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு எப்போதுமே மூக்கு நுனியில் கோபம்தான். முன்னே பின்னே தெரியாத ஆட்கள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவள் நான். கோபம் வராமல் வேறு என்ன வரும்.

ஆனால் அந்த வருஷம் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று மாலையே ஒரு பல் டாக்டருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். பின்னால் இருந்த குப்பைத் தொட்டியைப் போய் இடித்தார். வேறு நாளாக இருந்தால் கிழி கிழி என்று கிழித்திருப்பேன். அன்றைக்கு இறங்கிப் போய்த் தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, "ம், இன்னொரு தடவை" என்றேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், தூங்கினேன். அந்த டாக்டர் பல் பிடுங்குவதற்கு முன்னால் ஓர் ஊசி போடுவாரே, அந்த ஊசியை எனக்கு உடம்பு முழுக்கப் போட்ட மாதிரி இருந்தது. தொட்டால் தெரிந்தது, வலிக்கவில்லை. மாதக்கணக்கில் அப்படியே இருந்தது.

நாங்கள் மூன்று பேராகத்தான் மலை ஏறுவோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை. மலைத்தொடரின் முதுகிலேயே நெடுகப் போகிற பாதை அது. ஒரே மூச்சில் நடந்து முடிக்க மாதங்கள் ஆகும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அதெல்லாம் நடக்கிற காரியமா? அதனால் வருஷத்துக்கு ஒரு துண்டு. விட்ட இடத்துக்கு அடுத்த வருஷம் பஸ் பிடித்துப் போய், அங்கிருந்து இரண்டு மூன்று நாள் நடப்போம். கல்லில் மஞ்சள் பெயிண்டில் அம்புக்குறி போட்டிருக்கும், அதைப் பார்த்துப் போனால் போதும். கடைசிக் கல் வரைக்கும் மூன்று பேரும் போய்ச் சேருவது என்று பேச்சு. அப்போது எங்களுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும் என்று அவர் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்.

அவர் இப்போது வேறு வாழ்க்கை வேண்டும் என்று போய்விட்டார். அவரை என்னவென்று சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் என்று சொல்ல வீடும் இல்லை. அதனால் அவள் அண்ணன் என்று சொல்லிவிடுகிறேன்.

அவள் என்பது என் நாத்தனார். கண்ணாடிக் கடையில் வேலை. பிரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது, வருகிறவர்கள் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி கம்பியை வளைத்துக் கொடுப்பது. யாரைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் அவர்கள் கண்ணாடி கோணலாக இருக்கிறதா என்றுதான் பார்க்கும். நான் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கும் கல்யாணமாகிப் புருஷன் இருக்கிறார். மலைக்கு வருகிறீர்களா என்று கேட்டால் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்கிற ரகம்.

அந்த வருஷமும் அவள்தான் போன் பண்ணினாள். "அண்ணி, லீவு சொல்லிட்டேன். நீங்களும் சொல்லிடுங்க." அண்ணன் வரவில்லை என்றால் நாம் எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் சில வாரங்களாகவே அவள் பேச்சில் ஏதோ ஒன்று தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தது. எதையோ ஆரம்பிப்பாள், "சரி, நேர்ல பேசிக்கலாம் அண்ணி" என்று வைத்துவிடுவாள். அவள் அண்ணனுக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் வரவேற்பு மேஜைப் பெண்ணின் சித்தி அவர் இருக்கிற கட்டடத்தில்தான் குடியிருக்கிறாள், சொல்லாமல் இருப்பாளா? கல்யாணத்தைச் சொல்லத்தான் இத்தனை தயக்கம் என்றால் பரவாயில்லை. ஆனால் அது மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. இனிமேல் வர மாட்டேன் என்று சொல்லத்தான் கடைசியாக ஒரு தடவை கூப்பிடுகிறாள். அவள் அண்ணன் போனதில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இவளும் போய்விடுவாள் என்று நினைத்தபோது மட்டும் வைத்துவிட்ட போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி நின்றதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடிவாரத்து லாட்ஜில் இரண்டு கட்டில் போட்ட அறை. ஜன்னல் ஓரத்தில் யாரோ மறந்துபோன ஒற்றைச் செருப்பு. விடிந்ததும் அவரவர் பையை அவரவர் கட்டினோம். பல வருஷப் பழக்கம், வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சாப்பாடும் மருந்துப் பெட்டியும் என் பங்கு. ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சு, கடலை, தலைவலி மாத்திரை, காலில் ஒட்டுகிற பிளாஸ்டர். அடுப்பு, சட்டி, டீத்தூள், சர்க்கரை, மழைக்குப் போர்த்துகிற ஷீட் அவள் பங்கு. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கட்டினேன். எதுவும் குறையவில்லை.

"இங்க திரும்புங்க" என்றாள் கண்ணாடிக்காரி.

"என்னடி?"

"மூக்குலேர்ந்து வழுக்குது. இப்படியே போனா பள்ளத்துல விழுந்துடும்."

"நானா, கண்ணாடியா?"

"கண்ணாடிய பத்திதான் எனக்கு கவலை. நல்ல லென்ஸ்."

என் கண்ணாடியைக் கழற்றி, பையிலிருந்து ஒரு குட்டித் திருப்புளியை எடுத்துத் திருகினாள். கம்பியைக் கொஞ்சம் உள்பக்கம் வளைத்தாள். திரும்ப என் காதில் மாட்டிவிட்டு, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

கீழே கடையில் டீ குடித்துவிட்டு ஏறத் தொடங்கினோம். முதலில் பைன் மரங்கள், பிறகு செங்குத்தான கல் படிகள். காலை வேளை, குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அவள் முன்னால், நான் பின்னால். நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு நடந்துகொண்டிருந்தோம் என்பதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன். கவனித்த பிறகும் கிட்டே போகவில்லை. அழகான இடம் என்று சொல்லத் தோன்றுகிற இடங்கள் வந்தன. பார்த்தேன். அவ்வளவுதான்.

படி ஏறி முடித்ததும் சமமாக ஒரு பாறை வந்தது. எந்த மலையாக இருந்தாலும் முதல் ஏற்றம் முடிந்ததும் உட்காருவது எங்கள் வழக்கம். உட்கார்ந்து பையைக் கழற்றினோம். முதல் வருஷமே வாங்கிய எவர்சில்வர் டம்ளர் செட் ஒன்று எங்களிடம் உண்டு. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். பெரியது அவருடையது, நடு அளவு என்னுடையது, சின்னது அவளுடையது. பெரியது அவர் பையோடு போய்விட்டது. நான் என் டம்ளரை எடுத்தேன், அவள் அவளுடையதை எடுத்தாள். எடுத்து நீட்டினோம்.

நீட்டியபடி உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் பாதையின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் தன் ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளர் இரண்டும் எங்களுக்கு நடுவில் இருந்த காலி இடத்தை நோக்கி நீண்டிருந்தன. தண்ணீர் எப்போதும் அவள் அண்ணனின் பங்கு. எடை அதிகம், நான் தூக்குகிறேன் என்று முதல் வருஷம் சொன்னார், அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒருவரும் யோசித்ததில்லை. பெரிய ரப்பர் பையில் நிரப்பி முதுகில் போட்டுக்கொள்வார். உட்கார்ந்ததும் நாங்கள் நீட்டுவோம், அவர் ஊற்றுவார்.

"அண்ணி" என்றாள். "தண்ணி?"

"நீ எடுக்கலியா?"

"நீங்க எடுப்பீங்கன்னு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "இல்ல. அப்படிக்கூட நான் நினைக்கல. எனக்கு ஞாபகமே வரல."

எனக்கும் வரவில்லை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சீட் பெல்ட், கண்ணாடி, கியர் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் பங்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். அவள் பங்கை அவள் சரிபார்த்தாள். மூன்றாவது பங்கு என்று ஒன்று இருந்ததை இரண்டு பேருமே மறந்தோம்.

கண்ணாடிக்காரி சிரிக்க ஆரம்பித்தாள். "அடுப்பு இருக்கு, டீத்தூள் இருக்கு, சர்க்கரை இருக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. என் கை பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

அவள் பையின் பக்கவாட்டில் பஸ்ஸில் வாங்கிய பாட்டில் ஒன்று இருந்தது. அடியில் இரண்டு மடக்கு. ஆளுக்கு ஒரு மடக்கு குடித்தோம்.

"திரும்பி எறங்கிடலாமா?"

"எறங்கி, மறுபடி ஏறி, எப்ப மேல போய்ச் சேர்றது? முன்னாடி ஓடை இருக்கு. அம்புக்குறி பக்கத்துலயே வருது. வா."

"நிச்சயமா தெரியுமா?"

"மலைன்னா ஓடை இருக்காதா?"

வறட்டுப் பிடிவாதம்தான். வேண்டுமென்றே செய்தேன் என்றுகூடச் சொல்லலாம். இறங்கினால் அவள் லாட்ஜிலேயே அந்த விஷயத்தைச் சொல்லிவிடுவாள், அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவாள். மேலே போனால் சாயங்காலம் வரைக்கும் என்னோடு இருப்பாள்.

ஓடை இருந்தது. உருண்டைக் கற்களும் காய்ந்த பாசியுமாக இருந்தது. கண்ணாடிக்காரி கல்லைப் புரட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் ஈரமான மண், அதில் ஒரு பூரான்.

"குடிங்க அண்ணி" என்றாள்.

வெயில் ஏறியது. மரங்கள் கீழேயே நின்றுவிட்டன. பாதை மலையின் விளிம்பிலேயே போனது, இரண்டு பக்கமும் வெறும் புல். ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகத் தின்றோம். அவித்த முட்டையைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. எனக்குத் தாகம் தெரியவில்லை. உதடு வெடித்திருந்தது, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது, அதெல்லாம் யாருக்கோ நடப்பது மாதிரி இருந்தது. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கால் தடுமாற ஆரம்பித்தது. இரண்டு தடவை கல்லில் இடறினாள். மூன்றாவது தடவை உட்கார்ந்துவிட்டாள்.

"தலைய சுத்துது."

மழை ஷீட்டை எடுத்து என் இரண்டு கைத்தடியிலும் கட்டி நிழல் போட்டேன். கடைசி ஆரஞ்சை முழுசாக அவளிடம் கொடுத்தேன்.

"உங்களுக்கு?"

"எனக்கு வேண்டாம்."

"தியாகம் பண்ணாதீங்க அண்ணி, எரிச்சலா வருது."

"தியாகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நெஜமாவே வேண்டாம். தின்னு."

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் இறங்கி வந்தார்கள். எங்கள் வயசுதான் இருக்கும். ஒரே மாதிரி தொப்பி, ஒரே மாதிரி சட்டை. மற்ற நாளாக இருந்தால் அந்தச் சட்டையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசியிருப்போம். எங்களைப் பார்த்ததுமே அந்த மனிதர் கேள்வி எதுவும் கேட்காமல் பாட்டிலைத் திறந்து கண்ணாடிக்காரியிடம் கொடுத்தார். போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. அவர்கள் இன்னொரு பாட்டிலையும் எங்களிடமே கொடுத்துவிட்டார்கள்.

"அக்கா தங்கச்சியா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லைங்க. எங்க அண்ணி" என்றாள் இவள். "அண்ணன் சம்சாரம்."

"அப்படியா. அண்ணன் வரலையா?"

"அவனுக்கு வேலை. லீவு கெடைக்கல."

"பாவம்" என்றார் அந்த அம்மா. அவர்கள் இறங்கிப் போனார்கள். அந்த மனிதர் திரும்பித் திரும்பி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லிக்கொண்டே போனார்.

நான் ஷீட்டை மடித்தேன். அவள் மடிப்பதற்கு வாகாக மறு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு வேலைன்னு சொன்ன?"

"வேற என்ன சொல்றது? வழியில போறவங்ககிட்ட குடும்பக் கதையவா சொல்ல முடியும்?"

"அடுத்த மாசம் கல்யாணம், அதான் வரலைன்னு சொல்லிருக்கலாமே."

ஷீட்டின் முனை அவள் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாம இருக்க நான் என்ன செவுடா?"

"தெரிஞ்சுக்கிட்டே என்னை இத்தனை நாள் முழுங்க விட்டீங்களா?"

"கல்யாணத்த விடு. இன்னொண்ணு இருக்கு இல்ல, அதச் சொல்லு."

ஷீட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணன் என்கிட்ட ஒண்ணு கேட்டான். புதுசா வர்றவங்களுக்கு சங்கடமா இருக்குமாம். நான் உங்ககூட பேசறது, போறது, வர்றது எல்லாம். அம்மா அவன் வீட்லதான இருக்காங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் போய்தான் குளிப்பாட்டறேன், வேற யார் தொட்டாலும் அவங்க கத்தறாங்க. அந்த வாசல்ல அவங்க ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு நின்னா நான் எப்படி உள்ள போவேன்?"

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொல்லிட்டேன்."

என் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. அங்கே பிரேக் எதுவும் இல்லை, புல்தான் இருந்தது. காலை எடுத்துக்கொண்டேன்.

"சரி" என்றேன்.

"திட்டுங்க அண்ணி. நாலு வார்த்தை கேளுங்க. உங்களுக்குதான் வாய் இருக்கே."

"எதுக்கு திட்டணும்? உங்கம்மாவ குளிப்பாட்டாத, என்கூட மலை ஏறுன்னு சொல்லுவேனா?"

என் மாமியார் அவர். நானும் பல வருஷம் குளிப்பாட்டியிருக்கிறேன். வெந்நீர் கொஞ்சம் ஆறியிருந்தாலும் ஊரைக் கூட்டுவார். அவரை அங்கே தனியாக விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"நீ இல்லைனா எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்" என்றேன். "உங்கண்ணன் போனதவிட."

"அத ஏன் கரண்ட் பில் படிக்கிற மாதிரி சொல்றீங்க?"

"அப்படித்தான் வருது. நான் என்ன பண்ணட்டும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே கொஞ்ச தூரம் நடந்தோம். பாதை குறுகலானதும் விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு, ராத்திரி தங்கவேண்டிய விடுதி வரைக்கும் காலில் கொப்புளம், மேகம், அவள் புருஷனின் குறட்டை என்று என்னென்னவோ பேசினோம். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசவில்லை.

விடுதி, மலைக்குப் பின்பக்கமிருந்து ஜீப் ஏறி வருகிற மண் பாதையின் முடிவில் இருந்தது. தகரக் கூரை, நீளமான கூடம், வெளியில் ஒரு குழாய். பையைக் கழற்றக்கூட இல்லாமல் இரண்டு பேரும் குழாயடிக்குப் போனோம். அவள் டம்ளரை எடுத்து என் பக்கம் நீட்டினாள். குழாயில் அவளே பிடித்துக்கொள்ளலாம், ஆனாலும் நீட்டினாள். நான் வாங்கிப் பிடித்துக் கொடுத்தேன். குடித்தாள். மறுபடி நீட்டினாள்.

விடுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்குக் கை முழுக்க மாவு. "மூணு பேருன்னு போன வருஷமே சொல்லி வச்சிருந்தீங்களே. இன்னொருத்தர் பின்னாடி வர்றாரா?" என்று கேட்டார்.

"இல்ல. ரெண்டு பேருதான்" என்றேன்.

அறையில் மூன்று கட்டில் போட்டு வைத்திருந்தார். மூன்றிலும் போர்வை மடித்து வைத்திருந்தது. கண்ணாடிக்காரி காலைக் கழுவிவிட்டு வந்து, நடுக் கட்டிலில் தன் பையைக் கவிழ்த்தாள். அடுப்பு, சட்டி, டீத்தூள் டப்பா, ஷீட் எல்லாம் விழுந்தன. தன் துணிகளை மட்டும் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

"நாளைக்கு பால் ஏத்த ஜீப் வருமாம். அதுல எறங்கிடறேன் அண்ணி. சாயங்காலம் பொண்ணு வீட்லேர்ந்து வர்றாங்க, நான் இருக்கணுமாம். நீங்களும் வந்துடுங்க, மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்ப?"

அவள் தன் பையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

"நான் நடந்துக்கறேன்" என்றேன். "நாளைக்கு எறக்கம்தான் நிறைய."

மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள். "இங்க பாருங்க. இந்த திருகாணிய முழுசா தொறக்காதீங்க, மொகத்துல அடிக்கும். பாதி தொறந்து, பத்த வச்சு, அப்புறம் மீதி. ஷீட்ட நாலா மடிச்சு மேல வைங்க. மழை வந்தா அவசரத்துக்கு கை போகணும்." அவள் சொன்னதையெல்லாம் செய்து காட்டச் சொன்னாள். செய்து காட்டினேன். நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே, நான் தப்பு செய்கிற வரைக்கும் காத்திருந்து திருத்தினாள். பிறகு விடுதிக்கார அம்மாவிடம் போய், யாரோ விட்டுவிட்டுப் போன பெரிய தண்ணீர்ப் பையைக் கேட்டு வாங்கி வந்தாள். அதைக் கழுவி, நிரப்பி, என் பையின் முதுகுப் பக்கம் நிறுத்தி, இரண்டு வாரையும் இழுத்துக் கட்டினாள். சாப்பாடு, மருந்து, அடுப்பு, சட்டி, ஷீட், தண்ணீர். மூன்று பேர் சுமையும் ஒரே பைக்குள் அடங்கிவிட்டது.

மிஞ்சியது டம்ளர்கள். அவளுடையதை எடுத்து நீட்டினேன்.

"உன்னோடது. எடுத்துக்கோ."

"அது உங்களோடதுக்கு உள்ளயே இருக்கட்டும்."

"எனக்கு எதுக்கு ரெண்டு?"

"வீட்டுக்கு எடுத்துட்டு போனா யாராவது பல்லு வெளக்க வச்சிடுவாங்க. இருக்கட்டும் அண்ணி."

சின்னதை நடு டம்ளருக்குள் போட்டாள். பையின் மேல் அறையில் வைத்து மூடினாள். விளக்கை அணைத்ததும் எனக்கு உடனே தூக்கம் வந்துவிட்டது. அவள் தூங்கினாளா என்று தெரியாது.

காலையில் ஜீப் சீக்கிரமே வந்துவிட்டது. பால் கேன்களுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். டிரைவர் வளைவில் கிளட்சை மிதித்த விதம் சரியில்லை என்று மட்டும் நான் கவனித்தேன். அவள் கையைத் தூக்கினாள், நானும் தூக்கினேன். வண்டி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. பிறகு பையைத் தூக்கி மாட்டினேன்.

கனம். வாரிரண்டும் தோளைக் கீழே இழுத்தன, முதல் சில அடியைக் குனிந்தபடியே வைத்தேன். மேல் அறையில் டம்ளருக்குள் டம்ளர் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே வந்தது. இவ்வளவு எடையையா அந்த மனிதர் வருஷா வருஷம் தூக்கினார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நல்ல எண்ணம்தான், அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

விடுதியை ஒட்டி ஒரு சின்ன ஏற்றம், அதன் தலையில் பாறை. வழக்கப்படி உட்கார்ந்தேன். பையைக் கழற்றி, டம்ளர்களை எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பாறையில் வைத்தேன். தண்ணீர்ப் பையைச் சாய்த்து முதலில் சின்னதில் ஊற்றினேன், பிறகு என்னுடையதில். சின்ன டம்ளரை எடுத்துப் பக்கத்தில் நீட்டினேன்.

நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

கையை மடக்க முடியவில்லை. தண்ணீர் விளிம்பு வரை இருந்தது, தளும்பியதில் என் விரலெல்லாம் நனைந்தது. சில்லென்று இருந்தது. கடைசியில் அதை வாய்க்குக் கொண்டுவந்து நானே குடித்தேன். என்னுடையதையும் குடித்தேன். இரண்டிலும் மறுபடி ஊற்றிக் குடித்தேன். முந்தின நாள் காலையிலிருந்து எனக்கு எவ்வளவு தாகம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. குடிக்கக் குடிக்க அழுகை வந்தது. கோர்ட்டில் வராத அழுகை, கட்டிலைப் பிரித்து லாரியில் ஏற்றியபோது வராத அழுகை, அந்தப் பாறையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். அவள் அண்ணனுக்காக அதில் ஒரு சொட்டும் இல்லை.

அழுது முடித்துக் குனிந்து பையைக் கட்டினேன். வாரை இழுத்து, டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, தலை கீழாகத் தொங்குகிற அளவுக்குக் குனிந்து ஷூ நாடாவையும் முடிந்தேன். கண்ணாடி மூக்கை விட்டு நகரவே இல்லை. நன்றாகத்தான் திருகிக் கொடுத்திருந்தாள்.